இருபத்தேழு மீட்டர் குருத்து

லியோகாடியா பத்தொன்பது வருடம் என் கடையில் ஒரு ரொட்டி வாங்கவில்லை. பக்கத்து ஊர்க் கடைக்கு நாலு கிலோமீட்டர் நடந்துபோய் வாங்கிவருவாள். திரும்பும்போது என் கடை வாசலுக்கு நேராக வந்ததும், பையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொள்வாள். நான் பார்க்கவேண்டுமாம். பனி கொட்டினாலும் சரி, சேறு முழங்கால் வரை ஏறினாலும் சரி, அந்தக் கை மாற்றல் ஒரு நாளும் தவறியதில்லை. அவளைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல் என்று அந்த நாட்களில் யாராவது கேட்டிருந்தால், கால் வலுவானவள் என்று சொல்லியிருப்பேன். வேறு ஒன்றும் தோன்றியிருக்காது.

எல்லாவற்றுக்கும் காரணம் என் கை. என் வலது உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே ஒரு சின்ன வெள்ளைத் தழும்பு இருக்கிறது. அந்தக் காயம் பட்ட நாளில்தான் அவள் புருஷன் வின்சென்டியின் மானம் போனது. அந்த மானத்தைத் திரும்ப வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டுதான் அவள் தன் வாழ்க்கையில் பாதியை ஊரோடு சண்டை போட்டே கழித்தாள்.

எங்கள் ஊரில், ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு என்றால் கையில் ஓலையைப் பிடித்துக்கொண்டு கோவிலைச் சுற்றி வருவது இல்லை. ஏப்ரலிலும் பல் கிட்டிப்போகிற ஊரில் ஓலைக்கு எங்கே போவது? ஆற்றோரத்து வில்லோ மரங்களின் நீள விளார்களை வெட்டிக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, ஒன்றோடொன்று இணைத்து, ஒரே கம்பமாக நீட்டிக்கொண்டே போவோம். உச்சியில் பஞ்சு மொட்டு விட்ட கிளைகள். அதன் கீழே பெண்கள் தவக்காலம் முழுக்க உட்கார்ந்து செய்த காகிதப் பூக்கள், ரிப்பன்கள். இதுதான் எங்கள் குருத்து. யாருடைய குருத்து உயரம் என்பதுதான் போட்டி. கம்பத்தைக் கட்டுவதற்கு முறுக்கிய பச்சை விளார் மட்டும்தான். கம்பி, ஆணி, நைலான் எதுவும் ஆகாது. கயிறு கட்டி இழுத்து, கவைக்கோல் கொடுத்து, கையாலேயே நிமிர்த்தவேண்டும். நிமிர்த்தும்போது ஒடிந்துபோனால் அந்த வீட்டுக்காரர்கள் ஒரு வாரம் தலை குனிந்து நடப்பார்கள். உள்ளே கம்பி இருந்தால் அதைவிடக் கேவலம். அது சாமிக்கே பொய் சொல்வது மாதிரி.

லியோகாடியா மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. ஒன்பது பிள்ளைகளில் ஐந்தாவது. பிடுங்கித் தின்றால்தான் கிடைக்கும் என்று பிறந்த வீட்டிலேயே கற்றுக்கொண்டு வந்தவள். இருபது வயதில் வின்சென்டியைக் கட்டிக்கொண்டாள். அவர் செங்கல் சூளையில் வேலை பார்த்தார். வாயில் நாக்கு இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு அமைதியானவர். கடையில் சிகரெட் வாங்கினால்கூட விரலால்தான் காட்டுவார். அவருக்கும் சேர்த்து அவள் பேசினாள். ரேஷன் காலத்தில் வரிசையில் அவளுக்கு முன்னால் நுழைய ஒரு ஆம்பிளைக்குத் தைரியம் கிடையாது.

ஆனால் பூ செய்வதில் அவளை அடிக்க ஆள் இல்லை. இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் உண்மை. சிவப்புக் காகிதத்தைக் கத்தியின் முதுகால் இழுத்துச் சுருட்டுவாள். வயலில் இப்போதுதான் பறித்த கசகசாப் பூ என்று நினைத்துத் தொட்டுப் பார்ப்போம். என் பூக்கள் முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும். அதையும் அவள் என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள்.

வின்சென்டிக்கு ஒரே ஒரு சிநேகிதன், ஃப்ளோரியான். இரண்டு பேரும் ஒன்றாகப் பட்டாளத்துக்குப் போய்வந்தவர்கள், ஊர்த் தீயணைப்புப் படையில் ஒன்றாக இருந்தவர்கள். வின்சென்டியின் மகள் யோலான்டாவுக்கு ஞானத்தகப்பன் ஃப்ளோரியான்தான். குருத்துப் போட்டியில் மட்டும் இருவரும் எதிரெதிர். ஃப்ளோரியான் மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்திருந்தார். நாலாவது வருடம் வின்சென்டி இருபத்தேழு மீட்டருக்குக் கட்டிக்கொண்டு வந்தார். ஊரே வாயைப் பிளந்தது.

குருத்துகளைச் சனிக்கிழமையே கொண்டுவந்து கோவில் மைதானத்தில் கிடத்திவிடுவார்கள். தீயணைப்புப் படையில் ஒருவர் காவல் இருப்பார். அந்த வருடம் காவல் முறை ஃப்ளோரியானுடையது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் போட்டிக் கமிட்டியிலிருந்து ஒருவர் ஒவ்வொரு குருத்தின் கட்டுகளையும் கையால் தடவிப் பார்க்கவேண்டும். அந்த வருடம் அந்த ஒருவர் நான்.

வின்சென்டியின் குருத்தில் மொத்தம் முப்பத்தொரு கட்டு. மூன்றாவது கட்டில் கையை வைத்து அழுத்தினேன். சுரீர் என்று ஏறியது. கையை எடுத்தால் ரத்தம். விளார் முறுக்கின் இடுக்கிலிருந்து ஒரு கறுப்பு முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தேன். வேலிக்கும் கோழிக்கூண்டுக்கும் சுற்றுவோமே, அந்தக் கட்டுக் கம்பி. ஒரு சாண் நீளத்துக்கு வந்தது.

யாரும் ஒன்றும் சொல்வதற்குள் லியோகாடியா பாய்ந்து வந்தாள்.

"எவன்டா வச்சான்? எவன் வச்சான், சொல்லு!"

"லியோகாடியா, கொஞ்சம் தள்ளிக்க. மத்த கட்டையும் பாத்துடறேன்," என்றேன்.

அவள் குருத்தின்மேல் குறுக்கே விழுந்து படுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பாவாடையோடு, அந்த ஈர மண்ணில்.

"என் புருஷன் கட்டுனதை எவளாவது தொட்டீங்க, விரலை ஒடிச்சிருவேன். ஒரே ஒரு கம்பிதான வந்துச்சு? காவலுக்கு இருந்தவன் சொருகிட்டுப் போனா ஒண்ணுதான் இருக்கும்! மூணு வருஷம் ஜெயிச்சவனுக்கு நாலாவது வருஷம் தோக்க மனசு வருமா?"

எல்லோரும் ஃப்ளோரியானைப் பார்த்தோம். அவர் வின்சென்டியைப் பார்த்தார். வின்சென்டி தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"வீட்டுக்குப் போலாம், லியோகாடியா," என்றார். அவ்வளவுதான்.

"நீ சும்மா இரு. உனக்குத்தான் வாயில்ல. எனக்கு இருக்கு."

கமிட்டி அந்தக் குருத்தைப் போட்டியிலிருந்து தள்ளியது. சாமியாரும் அதன்மேல் தீர்த்தம் தெளிக்கவில்லை. ஃப்ளோரியானின் இருபத்தைந்து மீட்டர் முதல் பரிசு வாங்கியது. பரிசு ஒரு துணி துவைக்கும் மெஷின். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அந்த மெஷின் கடகடவென்று சுற்றும்போதெல்லாம் லியோகாடியா ஜன்னலைத் திறந்து, "சுத்துது பாரு திருட்டு மெஷின்!" என்று கத்துவாள். பிறகு அடித்துச் சாத்துவாள்.

தள்ளப்பட்ட குருத்தை எரித்துவிடலாம் என்றார் வின்சென்டி. அவள் விடவில்லை. அது சாட்சியாம். அப்படியானால் கொட்டகைக்குள் நுழையும் அளவுக்கு அறுக்கவேண்டும் என்று அவர் ரம்பத்தை எடுத்தார். ஒரு பக்கம் பிடிக்கிறேன் என்று போன என் புருஷனைத் திருப்பி அனுப்பிவிட்டு, தனி ஆளாக அறுத்து ஐந்து துண்டாக்கினார். ஒவ்வொரு தடவையும் ரம்பத்தை எங்கே வைப்பது என்று வெகுநேரம் பார்த்துப் பார்த்து வைத்தாராம். மனுஷன் துக்கத்தில் இருக்கிறான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். லியோகாடியா துண்டுகளைப் பரணில் ஏற்றிக் கொட்டகையைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் கிடக்கும் மந்திரித்த உத்தரியக் கயிற்றோடு கோத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு குளிர்காலத்தில் விறகு தீர்ந்துபோனபோது, அதை எடுத்து எரிக்கலாமே என்று அவர் கேட்டதற்கு அவரை அன்று பட்டினி போட்டாள்.

அன்றைக்குத் தொடங்கிய சண்டை ஒரு நாளும் ஓயவில்லை. ஃப்ளோரியான் வயலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையை அடைத்தாள். அவர் நாயின்மேல் பஞ்சாயத்தில் புகார் கொடுத்தாள். கிராகோவில் இருக்கும் ஆயருக்கு வருடத்துக்கு இரண்டு கடிதம் போட்டாள். ஊரில் பிள்ளைகள் வின்சென்டிக்குக் 'கம்பி' என்று பெயர் வைத்துவிட்டன. கம்பி தாத்தா போகிறார், கம்பி தாத்தா வருகிறார். அப்படிச் சொன்ன வீடுகளின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டி அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கக் கத்திவிட்டு வந்தாள். என் வீட்டுக் கதவையும் தட்டினாள். என் மகன் அந்தப் பெயரைச் சொன்னது உண்மைதான்.

யோலான்டாவின் கல்யாணத்துக்கு ஞானத்தகப்பனை அழைக்கவில்லை. ஃப்ளோரியான் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு தெருவோரம் நின்றார், வண்டி நிற்கும், பெண்ணை ஆசீர்வதிக்கலாம் என்று. வண்டி வந்தது. லியோகாடியா கண்ணாடியை ஏற்றிவிட்டாள். உள்ளே மணப்பெண் அழுதுகொண்டு போனதை என் கடை வாசலிலிருந்து பார்த்தேன்.

அதற்கு மேலும் செய்தாள். ஃப்ளோரியானின் மனைவி செத்துப்போய்ச் சவப்பெட்டி தெரு வழியாகப் போனபோது, லியோகாடியா வாசலில் கம்பளத்தைத் தொங்கவிட்டுத் தடியால் அடித்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். தொப் தொப் என்று, பெட்டி கடந்துபோகிற வரைக்கும். நான் அன்றைக்கு அவளைச் சபித்தேன். இப்போதும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. வின்சென்டி மட்டும் பின்வாசல் வழியாக வந்து, சவ ஊர்வலத்தின் கடைசியில் தலை குனிந்து நடந்தார். அதற்காக அவள் இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. பேச்சில்லாத மனுஷனுக்கு அது ஒரு தண்டனையா என்று கடையில் நாங்கள் சிரித்தோம்.

வின்சென்டி, கம்பி அகப்பட்ட அந்த வருடத்தோடு குருத்துக் கட்டுவதை விட்டார். அவள் தொடங்கினாள். ஒற்றைப் பொம்பளையாக ஆற்றங்கரைக்குப் போய் வெட்டி, சுமந்து, கட்டி, பன்னிரண்டு மீட்டர், பதின்மூன்று மீட்டர் என்று கொண்டுவந்து கிடத்துவாள். பரிசு கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். அதற்காக அவள் வரவில்லை. எனக்காக வந்தாள்.

"எங்க உன் கை, தேக்லா? தடவு. நல்லாத் தடவு. ரத்தம் வருதா பாரு. வரலியா? எங்க வீட்டுக் குருத்துல எப்பவுமே வராதுடி."

பதினெட்டு வருடம் பதினெட்டுத் தடவை ஊர் முன்னால் இதைக் கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு தடவினேன். கமிட்டியை விட்டுப் போகலாம் என்று தோன்றும். அவளுக்குப் பயந்து போய்விட்டாள் என்று பெயர் வரும் என்பதால் போகவில்லை.

வின்சென்டி ஒரு மே மாதம் செத்துப்போனார். இதயம். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். லியோகாடியா தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வந்தாள். மோர் வேண்டும் என்றார், கொண்டுபோனாள். கால்பந்தில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்டார், சொன்னாள். கல்லறைத் திருநாளுக்குள் கருங்கல் வைத்துவிட்டாள். ஊர் வழக்கப்படி ஒரே கல்லில் இரண்டு பெயர். இடது பக்கம் அவர் பெயர், பிறந்த வருடம், செத்த வருடம். வலது பக்கம் அவள் பெயர், பிறந்த வருடம், ஒரு கோடு, பிறகு வெறும் இடம். என் புருஷன் கல்லிலும் என் பெயர் அப்படித்தான் காத்துக்கொண்டிருக்கிறது.

அந்தக் குளிர்காலத்தில்தான் கமிட்டிக்குப் புதுத் தலைவராக வந்த போக்தான் ஒரு காரியம் செய்தான். இதுவரை ஜெயித்தவர்கள் பெயரையெல்லாம் வருடவாரியாகப் பலகையில் எழுதித் தீயணைப்பு நிலையத்தில் மாட்டப்போவதாகச் சொன்னான். அடுத்த கூட்டத்துக்கு லியோகாடியா கறுப்பு உடையோடு வந்து நின்றாள்.

"அந்த வருஷத்துக்கு என் புருஷன் பேரு வரணும்."

"அக்கா, அது முடிஞ்சுபோன கதை. கம்பி இருந்துச்சுல்ல?" என்றான் போக்தான்.

"ஒண்ணு இருந்துச்சு. அதை வச்சது எவன்னு எனக்குத் தெரியும். மீதி முப்பது கட்டும் அப்படியே எங்கிட்ட இருக்கு, எவன் கையும் படாம. பழைய குருத்தைச் சாம்பலுக்கு எரிக்கிற அன்னிக்கு அதையும் கொண்டாந்து போடறேன். கம்பி இருந்தா நெருப்புல மிஞ்சும். மிஞ்சலன்னா ஊரே என் புருஷன் கல்லறைக்கு வந்து முட்டி போடணும். அவன் முதல்ல போடணும்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த ஃப்ளோரியானைக் காட்டினாள். அவர் எழுந்தார்.

"லியோகாடியா, எரிக்காத," என்றார். பத்தொன்பது வருடத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"பயமா இருக்கா?"

"எரிக்காத. என் பேரை எடுத்துட்டு அவன் பேரையே போட்டுக்கட்டும். எனக்கு வேணாம்."

"பாத்தீங்களா! வாயாலயே ஒத்துக்கிட்டான்!" என்று அவள் மேசையில் அடித்தாள். ஃப்ளோரியான் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு ஊரில் பாதிப்பேர் அவள் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். நானும் சாய்ந்தேன். என் தழும்பைப் பார்த்து, பாவம் அந்த மனுஷன் என்றுகூட நினைத்தேன்.

தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதனுக்கு முந்தின நாள், போன வருடத்துக் குருத்துகளைக் கோவில் பின்புறம் எரித்து, தலையில் இடுவதற்குச் சாம்பல் எடுப்போம். லியோகாடியா தள்ளுவண்டியில் ஐந்து துண்டையும் கொண்டுவந்தாள். காகிதப் பூக்கள் வெளுத்துப்போய், எலி கடித்துப்போய் இருந்தன. மந்திரிக்காத குருத்தை மந்திரித்ததோடு சேர்க்கமுடியாது என்று சாமியார் சொன்னதால், கல் தரையில் தனியாக அடுக்கினோம். பிரசங்கத்துக்குக்கூட வராத ஆட்கள் அன்றைக்கு வந்திருந்தார்கள். அவளே தீக்குச்சியைக் கிழித்தாள்.

காய்ந்த விளார். எரிந்து முடிய அதிக நேரம் ஆகவில்லை. தழல் தணிந்ததும் போக்தான் இரும்பு வாரியை எடுத்தான். அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"நான்தான் வாருவேன்."

முதல் இழுப்பிலேயே வாரியில் ஏதோ மாட்டியது. உதறினாள். கம்பி வளையம் ஒன்று கல்லில் விழுந்தது. அவள் அதை ஒதுக்கிவிட்டு மறுபடி வாரினாள். இரண்டாவது. பிறகு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மூன்று. அவள் நிறுத்துவாள் என்று நினைத்தோம். நிறுத்தவில்லை. பாத்திரம் கழுவுகிற மாதிரி, மூலை முடுக்கு விடாமல் வாரினாள். எண்ணினாள், வாய்விட்டு. இருபத்திரண்டு. இருபத்திரண்டும் ஒரே மாதிரி, இரண்டு சுற்று, ஒரு முறுக்கு. சூளையில் செங்கல் கட்டுக்குக் கம்பி முறுக்கிப் பழகிய வின்சென்டியின் கை முறுக்கு.

பின்னால் போக்தான் களுக்கென்று சிரித்துவிட்டான். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாரியை அவன் காலடியில் எறிந்தாள். அவன் துள்ளிக் குதித்தான்.

"வாளி குடு, தேக்லா," என்றாள். பத்தொன்பது வருடத்தில் அவள் என்னிடம் ஏசாமல் பேசிய முதல் பேச்சு அது. கொடுத்தேன். வளையங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டாள். சூடாக இருந்திருக்கும். கையை உதறவில்லை.

மறுநாள் பூசை முடிந்து, உச்சந்தலையில் சாம்பலோடு, அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் ஃப்ளோரியான் வீட்டுக் கதவடிக்குப் போனாள். அவர் வீடு என் கடைக்கு நேர் எதிர். நான் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். வெட்கமென்ன, ஊரில் யாராக இருந்தாலும் திறந்துதான் வைத்திருப்பார்கள்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அந்த வாரமே. மாட்டுக் கொட்டாய்ல வந்து நின்னு அழுதான். விளாரை லேட்டா வெட்டிட்டானாம். மரத்துல நீர் ஏறிப்போச்சு, முறுக்குனா பட்டுபட்டுன்னு உடையுது, வேற வெட்ட நாளில்ல, உள்ள கம்பியச் சுத்தி மேல விளாரை மூடிட்டேன்னான். யார்கிட்டயும் சொல்லாதன்னு காலைப் பிடிச்சான். நான் சொல்லல, நீயே உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிருன்னேன். ஈஸ்டருக்குள்ள சொல்றேன்னான்." ஃப்ளோரியான் எச்சில் துப்பினார். "எந்த வருஷத்து ஈஸ்டர்னு கேக்காம விட்டது என் தப்பு."

"நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

அவள் வாளியை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"எம் பொண்டாட்டி பெட்டிக்குள்ள போறப்ப கம்பளம் தட்டுன. அப்பகூட நான் சொல்லல. என் வாக்கு என் வாய்க்குள்ள இருந்துச்சு. உன் வாய்தான் ஊர் முழுக்க இருந்துச்சு."

"மன்னிப்புக் கேக்கணும்னுதான் வந்தேன். எப்படிக் கேக்கறதுன்னு தெரியல."

"எனக்கும் எப்படிக் குடுக்கறதுன்னு தெரியல. போ."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அவள் வாளியோடு தெருவில் இறங்கினாள். எனக்கு அவள்மேல் பரிதாபம் வரவேண்டும். வரவில்லை. அந்தத் தொப் தொப் சத்தம் இன்னும் என் காதில் இருந்தது.

அந்த வசந்தத்திலும் அவள் குருத்துக் கொண்டுவந்தாள். பன்னிரண்டு மீட்டர். இந்த முறையாவது வீட்டில் கிடப்பாள் என்று நினைத்த எல்லோர் முகத்திலும் கரி. ஆனால் என்னைக் கூப்பிடவில்லை. பக்கத்தில் கை கட்டிக்கொண்டு நின்றாள். நானாகத்தான் போனேன்.

"தடவட்டுமா?"

"உன் வேலை அதுதான? செய்."

தடவினேன். ஒவ்வொரு கட்டும் கல் மாதிரி இருந்தது. பனிக்காலத்திலேயே வெட்டிய விளார், ஒன்றுகூட விரிசல் விடவில்லை. புருஷனுக்கு வராத கட்டு அவளுக்கு வந்திருந்தது. அதைச் சொல்ல வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

பூசை முடிந்ததும் எல்லோரும் சின்னக் குருத்துகளை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். என் புருஷன் கல்லில் ஒன்றைச் செருகிவிட்டு நிமிர்ந்தேன். இரண்டு வரிசை தள்ளி வின்சென்டியின் கல். அதில் மட்டும் பூ இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். இடது பக்கம் அவர் பெயர் அப்படியே இருந்தது. வலது பக்கம் மெஷின் வைத்துத் தேய்த்திருந்தது. லியோகாடியாவின் பெயர், வருடம், கோடு எதுவும் இல்லை. வழவழவென்று ஒரு பள்ளம், கை வைத்தால் தெரிகிற பள்ளம்.

மறுநாள் காலை கடை மணி அடித்தது. அவள். உள்ளே வந்து, ரொட்டித் தட்டுகளை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஒரு பெரிய ரொட்டி."

எடுத்துக் கொடுத்தேன். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"கல்லுல பேரைத் தேச்சுட்டியே. நாளைக்கு நீ எங்க படுப்ப?"

"எங்க ஊர்ல, எங்க அக்கா பக்கத்துல இடம் இருக்கு."

"என்ன இருந்தாலும் நாப்பது வருஷம் குடும்பம் நடத்துன மனுஷன்..."

"மூணு வாரம் ஆஸ்பத்திரில கெடந்தான், தேக்லா. நான் ஒருத்தி பக்கத்துல உக்காந்திருந்தேன். மோர் கேக்க வாய் இருந்துச்சு." ரொட்டியைப் பையில் போட்டாள். "அந்த வாயைத் தனியாவே மூடிக்கிட்டுக் கெடக்கட்டும்."

காசை வைத்துவிட்டு வாசல் வரைக்கும் போனவள், ரொட்டியை வெளியே எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"நேத்து ரொட்டி," என்றாள். "பத்தொம்பது வருஷம் உன்னை விட்டு நாலு கிலோமீட்டர் நடந்தது ஒண்ணும் தப்பில்ல."

நேற்று ரொட்டிதான். புதுசு ஒன்றை எடுத்துக்கொண்டு நான் வாசலுக்கு வருவதற்குள் அவள் தெருவைத் தாண்டிவிட்டாள்.